பழைய டிரெய்லர் வாங்குவோரும் மறைதுருவும்

அறுவடைக் காலம் நெருங்குந்தோறும் நமது ஜில்லாவில் பழைய டிராக்டர் டிரெய்லர்கள் கைமாறுவது வழக்கம். மண்ணச்சநல்லூர், லால்குடி, ஸ்ரீரங்கம் தாலுகாக்களில் நெல்லும் வாழையும் கரும்பும் களத்தைவிட்டுக் கிளம்பவேண்டுமாயின் டிரெய்லரின்றி முடியாது. புதிதாய்ச் செய்விக்கப் பணம் போதாத மிராசுதாரர் பழையதொன்றைத் தேடுகிறார், தரகர் ஒருவர் வாய்க்கிறார், அச்சாரம் கைமாறுகிறது, வண்டி வீடு வந்து சேருகிறது. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் யாதெனில், விலை பேசுவதற்குச் செலவிடும் நேரத்தில் கால் பங்கையாவது வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதற்குச் செலவிடாதவர் அதை வாங்காதிருப்பதே நலம் என்பதாம்.

மாடு வாங்கப் போகும் நமது குடியானவரை நினைத்துப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழி பார்க்கிறார்; குளம்பைத் தட்டுகிறார்; நாலடி நடத்திப் பார்க்கிறார்; சாணத்தைக்கூடக் கவனிக்கிறார். கட்டை வண்டி ஓடிய காலத்தில் நம் பெரியவர்கள் ஏர்க்காலையும் இருசையும் கைக்கோலால் தட்டி, உளுத்த மரத்தின் சப்தத்தைக் காதாலேயே கண்டுபிடித்தனர். இரும்பு வண்டி வந்தபின் இந்த ஜாக்கிரதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரும்பு உளுக்குமா என்று கேட்கிறார்கள். மரத்தைவிட மோசமாய் உளுக்கும். மரமாவது பொடி உதிர்த்து எச்சரிக்கும்.

பிறருக்குச் சொல்லுமுன் என் தவற்றை ஒப்புக்கொள்வது முறை. 2020-ஆம் வருஷத்துத் தை அறுவடைக்கு முன்பு என் தமையனார் ரூபாய் 1,15,000-க்கு இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வாங்கினார். இயந்திரம் தெரிந்தவன் என்று என்னையும் கூட அழைத்துப்போனார். நான் டயரைப் பார்த்தேன். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். தொட்டியைத் தூக்கும் ஹைடிராலிக்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தேன். ஆகாய நீலத்தில் புதுப் பெயிண்டு அடித்து, பக்கப் பலகையில் பூவும் எழுதியிருந்தார்கள். அடிச்சட்டத்தைப் பார்க்கக் குனிந்தேனேயன்றிப் படுக்கவில்லை. வெள்ளை வேஷ்டி கட்டியிருந்தேன் என்பதே அதற்குக் காரணம்.

அவ்வருஷம் நாற்பது கிலோச் சிப்பம் எழுபதை ஏற்றிக்கொண்டு, பெருவளை வாய்க்கால் கரைமேல் கொள்முதல் நிலையத்துக்கு வண்டி போயிற்று. எழுபது சிப்பமென்றால் 2,800 கிலோ. அந்த வண்டிக்கு அது அதிகப் பாரமன்று. மதகின் மேட்டில் ஏறி இறங்கிய குலுக்கலில், டிராக்டரோடு பிணைக்கும் முன்சட்டம் தொட்டியோடு சேருமிடத்தில் முறிந்தது. வண்டி மூக்குக் குப்புற விழுந்து கரையிலிருந்து வாய்க்காலை நோக்கிச் சரிந்தது. பன்னிரண்டு சிப்பம் தண்ணீரில் போயிற்று. அம்முன்சட்டத்தின் மேல் எந்நேரமும் உட்கார்ந்துவரும் பண்ணையாள், எதிரே வந்த ஆடுகளை ஒதுக்குவதற்காக அந்நேரம் இறங்கி முன்னே நடந்துகொண்டிருந்தார். இல்லையேல் அவருடைய இரு கால்களும் அந்த இரும்பின் கீழ் அகப்பட்டிருக்கும். நெல் போனதை எண்ணி எனக்கு இப்போது வருத்தமில்லை. அந்தக் கால்களை எண்ணினால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

முறிந்த வாயைப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. சதுரக் குழாயாலான சட்டம் அது. நான்கு பக்கத்தில் ஒன்றில் மட்டும் வெள்ளை வெளேரென்று புதிய முறிவு. மற்ற மூன்றிலும் கறுத்துப் பழுத்த முறிவு. அதாவது, நாங்கள் வாங்கு முன்பே அது முக்கால் பங்கு முறிந்திருந்தது. மீதிக் கால் பங்கு எங்கள் தலையில் முறிந்தது. குழாயின் உள்ளேயிருந்து இரண்டு படி அளவுக்குத் துருச் செதில் கொட்டிற்று. வெளியே நீலப் பெயிண்டு ஒரு கீறலுமின்றி இருந்தது.

துரு ஏன் உள்ளிருந்து தின்கிறது என்பதை அறிந்துகொண்டால் எங்கே தேடவேண்டும் என்பது தானே விளங்கும். இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தால் துருவுண்டாம். வெளிப்பக்கம் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடுகிறது. மூடிய குழாய்க்குள் புகுந்த நீரோ, இரவில் குளிர்ந்து வேர்க்கும் ஈரமோ போக வழியில்லை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேலொன்றாய் வைத்து இடைவிட்டு வெல்டிங் செய்த இடமும் அவ்வாறே. நூலிழையளவு இடுக்கில் ஏறிய ஈரம் மாதக் கணக்கில் காயாது. துருவோ தான் பிறந்த இரும்பைப்போல் பல மடங்கு இடங்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே அவ்விடுக்கில் அது பருத்து, தகடுகளைப் பிளந்து பிரிக்கும். இரண்டு தகட்டுக்கிடையே சட்டம் பருத்து வீங்கினாற்போல் காணப்பட்டால் அங்கே இரும்பு மிகுதியாய் இருக்கிறதென்று எண்ணற்க; அங்கேதான் இரும்பு இல்லை.

உப்புச் சேர்ந்தால் இவ்வழிவு பன்மடங்கு விரைவாகும். நமது தொழிலில் உப்பு வேறு பெயர்களில் வருகிறது. பொட்டாஷ் உரமும் ஓர் உப்பே. அம்மோனியம் சல்பேட்டு ஈரத்தில் கரைந்து இரும்பைக் கடிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூட்டை கிழிந்து சிந்திய உரத்தை யாரும் கழுவுவதில்லை. அது தளத் தகட்டின் சந்துகள் வழியே இறங்கிக் குறுக்குச் சட்டங்களின் மேல் தங்குகிறது. மாட்டெருவும் கோமூத்திரமும் அப்படியே. மேனாடுகளில் குதிரைகளை ஏற்றிச் செல்வதற்கென்றே தனி டிரெய்லர்கள் உண்டு. அவற்றில் மெத்தென்ற விரிப்பின் கீழும் பலகையின் கீழும் குதிரை மூத்திரம் ஊறி அடிச்சட்டத்தை அரிப்பதும், பனி பெய்யும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பு அடியில் தெறித்து ஒட்டுவதும் அங்குள்ளோர் அஞ்சும் விஷயங்கள். நமது ஊரில் சமயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஆடு ஏற்றிய வண்டிக்கும் கொள்ளிடத்தில் ஈர மணல் சுமந்த வண்டிக்கும் இதே கதிதான். மணல் வண்டியின் தொட்டியிலிருந்து நாள் முழுவதும் நீர் சொட்டி அடிச்சட்டத்தை நனைத்துக்கொண்டேயிருக்கும். மணல் ஓட்டிய வண்டியென்று தெரிந்தால் நான் விலை கேட்பதற்கே நிற்கமாட்டேன்.

பெரியோர் கட்டிய பெரிய காரியங்களுக்கே இது பொருந்தும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தும்படியாயிற்று. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை ராமேசுவரத்துக்கு ரயிலில்லை. அத்தனை இஞ்சினீயர்கள் சதா கண்காணித்த இரும்புக்கே அப்படியென்றால், களத்துமேட்டில் மழையில் நனைந்து கிடக்கும் நம் வண்டிக்குக் கேட்பானேன்? ஸ்ரீரங்கத்திலிருந்து நம் சமயபுரத்துக்கு வரும் வழியில் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்ததோ, இரும்பின் குற்றமன்று. தூண்களின் அடியில் மணல் அரித்துப் போன குற்றம். ஆயினும் மேலே பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திராது என்பது இரண்டுக்கும் பொது.

இனிப் பார்க்கும் முறை. கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: அரைக் கிலோ எடையுள்ள உருண்டைத் தலைச் சுத்தியல், பழைய திருப்புளி, கம்பிப் பிரஷ், டார்ச்சு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு முழநூல், விரித்துப் படுக்கச் சாக்கு. சாக்கை மறவாதீர், என் வேஷ்டிக் கதையை நினைவில் வையுங்கள்.

முதற்காரியம், போகிறோம் என்று முன்தினமே சொல்லி, வண்டியின் அடியைத் தண்ணீரடித்துக் கழுவி வைக்கும்படி கேட்பது. இதை விற்பவர் மரியாதையென்று எண்ணிக்கொள்வார். நமக்கோ அது பரீட்சை. மற்ற இடமெல்லாம் காய்ந்தபின்பும் ஒரு குழாயின் முனையிலிருந்தோ வெல்டிங் ஓரத்திலிருந்தோ சொட்டுச் சொட்டாய் நீர் கசியுமானால் அதனுள்ளே நீர் தேங்குகிறதென்று அர்த்தம். அந்நீர் தேநீர் நிறமாயிருப்பின் உள்ளே தின்றாயிற்று. மழை பெய்த மறுநாள் போகக் கூடுமாயின் இன்னும் விசேஷம். புதுப் பெயிண்டின் மேல் தகட்டுச் சந்திலிருந்து செம்பழுப்புக் கோடு வடிந்திருந்தால் அதையும் விடலாகாது. கட்டி மண்ணின் மேலேயே பெயிண்டு அடித்திருந்தால், துருவைச் சுரண்டாமலும் அப்படியே அடித்திருப்பார்கள் என்று தாராளமாய் ஊகிக்கலாம்.

அடுத்தது தொட்டியைத் தூக்குவது. இங்கே ஓர் எச்சரிக்கை. ஹைடிராலிக்கை மாத்திரம் நம்பி உயர்த்திய தொட்டியின் கீழ் எவரும் தலை நீட்டலாகாது. கனமான கட்டையை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அதன்மேல் தொட்டி அமர்ந்தபின்பே உள்ளே போகவேண்டும். தூக்காத வகை வண்டியாயின் ஜாக்கி வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துப் படுக்கவேண்டும்.

பார்க்கவேண்டிய இடங்களில் தலையானது முன்சட்டம் தொட்டியின் முதல் குறுக்குச் சட்டத்தோடு சேருமிடம். இழுப்பும் குலுக்கலும் பாரத்தின் மூக்குக்கனமும் ஒன்றுகூடும் ஸ்தலம் அதுவே. அதற்கடுத்தது ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கித் தகடுகள் நெடுஞ்சட்டத்தோடு ஒட்டுமிடம். மண் தெறித்து ஒட்டிக் கிடப்பதால் அங்கே ஈரம் நீங்குவதில்லை. பின்பு தளத் தகட்டின் கீழுள்ள குறுக்குச் சட்டங்களின் மேல் விளிம்பு. நான்கு சக்கர வண்டியாயின் முன் இருசின் மேலுள்ள சுழல் வட்டத்தைச் சுற்றியும் பார்க்கவேண்டும். டயர், பேரிங், விளக்கு இவற்றை எவரும் பார்ப்பார்கள். கெட்டால் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவற்றைப்பற்றி இங்கே எழுதவில்லை.

ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஜாண் ஜாணாய்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்லிரும்பு மணியோசைபோல் ஒலிக்கும். சுத்தியலும் கையில் துள்ளும். தின்ற இரும்பு தகரடப்பாவைப்போல் மந்தமாய் ஒலிக்கும், சுத்தியல் துள்ளாது. சட்டத்துக்குள் மண் அடைத்திருந்தாலும் ஓசை மந்தமாகுமாதலால், மண்ணை நோண்டிவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தபின்பே தீர்ப்புச் சொல்லவேண்டும். சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையை அழுத்துக. செதில் பெயர்ந்து கீழே கெட்டியான இரும்பு தட்டுப்பட்டால் அது மேல்துரு, பயமில்லை. முனை உள்ளே புதைந்தால் எழுந்து கைகழுவிவிடலாம். பட்டி பூசிப் பெயிண்டு அடித்த ஓட்டையைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பட்டியின் மேல் காந்தம் பிடியாது. ஆனால் மெல்லிய தகடு ஒட்டிப் பற்றவைத்திருந்தால் காந்தம் ஏமாறும், சுத்தியல் ஏமாறாது. தட்டும்போது கண்ணைக் காத்துக்கொள்ளவேண்டும். துருச் செதில் கண்ணில் விழுந்தால் வைத்தியரிடம் போகும்படியாகும்.

பெருந்தொகை கொடுக்கவிருப்பவர் இன்னும் ஒருபடி போகலாம். சந்தேகமான இடத்தில் விற்பவர் சம்மதத்துடன் 3 மில்லிமீட்டர் துளையொன்றிட்டு, வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தகட்டின் கனத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பின்பு அத்துளையை ஒரு திருகாணியால் அடைத்துவிடலாம். தட்டைத் தகடொன்று கனத்தில் பாதியாய் மெலிந்தால் வளைவைத் தாங்கும் வலிமை பாதியாகவன்று, காலாகக் குறைகிறது என்பதை நினைவிற்கொள்க. துளையிடாமலே கனம் காட்டும் மீயொலிக் கருவியும் உண்டு. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து கொதிகலன் உறுப்புகள் செய்யும் தொழில் பல்லாண்டாய் நடப்பதால், அத்தொழில் தெரிந்தவர்களுக்கு அக்கருவி புதிதன்று. லட்ச ரூபாய்ப் பண்டத்துக்கு அத்தகைய ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வருவதை வீண்செலவென்று எண்ணுவோர், தரகுக்குக் கொடுப்பதை மட்டும் ஏன் எண்ணுவதில்லையோ அறியேன்.

எடை மேடையில் வெறும் வண்டியை நிறுத்துவதும் ஒரு வழி. பதிவுச் சான்றில் கண்ட வெறும் வண்டி எடையைவிட மிகக் குறைந்திருந்தால் இரும்பு எங்கோ போயிருக்கிறது. எடை சரியாயிருந்தால் வண்டி நல்லதென்று மட்டும் முடிவு செய்யலாகாது. ஒட்டுத் தகடுகளும் ஒட்டிய மண்ணும் எடையை நிரவிவிடும்.

இங்கே பலர் ஒப்புக்கொள்ளாத என் அபிப்பிராயம் ஒன்றுண்டு. பெயிண்டு போய், பார்வைக்குச் சிவந்து கிடக்கும் டிரெய்லரையே நான் நேற்று அடித்த பெயிண்டுக்கு மேலாக மதிப்பேன். அவலட்சணமாயினும் அது தன் குறையை மறைக்கவில்லை. விற்பனைக்கென்று அடித்த பெயிண்டு, வாங்குபவருக்கு அடித்த பெயிண்டன்று. அடியில் தார்போல் கறுப்பு மையைக் கனமாய்ப் பூசியிருந்தால், துருவுக்குக் காப்பு என்பார்கள். புதுவண்டிக்குப் பூசினால் காப்புதான். பழைய வண்டிக்கு விற்கும் வாரத்தில் பூசியிருந்தால், சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். சம்மதியாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். “என் வண்டியைச் சுத்தியலால் தட்டாதே” என்பவரிடம் வாதிக்கவும் வேண்டாம்.

பழுது கண்டால் எல்லாவற்றையும் தள்ளவேண்டுமென்றும் சொல்லவில்லை. தளத் தகடு ஓட்டையாயிருப்பது பெரிய தோஷமன்று. மாற்றும் கூலியைப் பட்டறையில் விசாரித்து விலையில் கழித்துக்கொள்ளலாம். குறுக்குச் சட்டம் ஒன்றிரண்டு போயிருந்தாலும் அவ்வாறே. முன்சட்டமும் நெடுஞ்சட்டமும் தின்றிருந்தால் மட்டும் பேரத்துக்கு இடமில்லை. அழுகிய இரும்பின் மேல் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தால், அப்பற்று அழுகலையே பிடித்துக்கொண்டிருக்கும். புது இடுக்கு ஒன்றும் உண்டாகி ஈரம் தங்க வசதியாகும்.

சான்றுகளைப்பற்றி இரண்டொரு வார்த்தை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. டிராக்டரின் பதிவு அதற்குப் போதாது. அடிச்சட்டத்தில் பொறித்த எண் சான்றோடு ஒத்திருக்கிறதா, அவ்வெண் இருக்கும் துண்டு மட்டும் வேறு சட்டத்திலிருந்து வெட்டி ஒட்டியதா என்று பார்க்கவேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, ராஜ்யத்துக்குள் கைமாறினால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். கடன் பாக்கியிருந்தால் அடைமானம் நீக்கியபின்பே பணம் கொடுப்பது உத்தமம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முன்பு கர்ணமும் முன்சீப்பும் இருந்த இடத்தில் 1980-க்குப் பின் கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் எந்த வண்டி எந்நிலையிலிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பூச்சொரிதலுக்கும், சித்திரைத் தேருக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பூத்தட்டுகளோடு பெண்டு பிள்ளைகளையும் இதே டிரெய்லர்களில் ஏற்றிக்கொண்டு சமயபுரம் வருகிறார்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கு விரோதம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடாது. இதைத் தண்டோராப் போட்டுச் சொன்னாலும் பக்தியின் முன் சட்டம் நிற்பதில்லை என்பது அறிந்ததே. வாய்க்கால் கரையில் எங்கள் வண்டி முறிந்தபோது அதன்மேல் இருந்தது நெல். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே முப்பது பேரோடு முறிந்தால் என்னவாகும் என்பதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உத்தியோகஸ்தர்களால்தான் முடியும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு ஜாக்கி, இரண்டு முட்டுக்கட்டை, சுத்தியல், காந்தம் இவற்றை ஒரு பெட்டியில் வைத்து அங்கத்தினர்களுக்கு இரவல் கொடுத்தால் செலவு அற்பம். லால்குடியை அடுத்த குமுளூரில் வேளாண்மைப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மாணாக்கர்களைக்கொண்டு ஆடி மாதத்தில், வேலை நெருக்கடி இல்லாதபோது, ஊருக்கு ஒருநாள் டிரெய்லர்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாமென்பது என் ஆசை.

வாங்கியபின் செய்யவேண்டியது கொஞ்சமே. மூடிய குழாய்ச் சட்டங்களின் அடிப்பக்கத்தில், பள்ளமான முனையில், நீர் வடியத் துளையிடுக. வளைவு அதிகம் வாங்கும் நடுவிடத்திலும் வெல்டிங்கை ஒட்டியும் துளையிடவேண்டாம். உரம் ஏற்றிய அன்றே கழுவுக. ஆண்டுக்கொருமுறை கம்பிப் பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அது காய்ந்தபின் பெயிண்டு அடிக்க.

எங்கள் வண்டிக்குப் புது முன்சட்டம் போட்டோம். இம்முறை மூடிய குழாய் வேண்டாமென்று, இருபுறமும் கண்ணுக்குத் தெரியும் சேனல் இரும்பில் செய்வித்தோம். 2023-இல் தமையனார் அதை விற்க நேர்ந்தது. பெயிண்டு அடிக்கலாமா என்று கேட்டார், கூடாதென்றேன். வாங்க வந்தவர் துறையூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளை வேஷ்டி கட்டியிருந்தார். சாக்கையும் சுத்தியலையும் அவர் முன்னே வைத்தேன். “எதற்கு ஐயா, உங்கள் வார்த்தை போதாதா?” என்றார். போதாதென்று சொல்லி, அவரை அடியில் படுக்கவைத்து, முன்சட்டம் முதல் பின் குறுக்குவரை தட்டச் செய்தபின்பே அச்சாரம் வாங்கினோம். பின்சட்டத்தில் நாங்களும் அறியாத ஓர் இடம் மந்தமாய் ஒலித்தது. இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தோம்.